பிள்ளைக்கு முன் பெற்றோர் படிக்க வேண்டிய பாடம்: வில்லியனூர், பாகூர் குடும்பங்களுக்குச் சமூக-உணர்வுக் கல்வி



நம் பிள்ளை கணக்கில் எத்தனை மதிப்பெண் வாங்கினான், எத்தனை சூராக்களை மனனம் செய்திருக்கிறான் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். கடைசியாக அவன் எதற்காக மனம் உடைந்துபோனான், அன்று யாரிடம் போய்ச் சொன்னான் என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இருக்காது. அவனும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

புதுச்சேரியில் வாழும் நாம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் ஒரு லட்சம் பேரில் 12.4 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். புதுச்சேரியில் இந்த எண்ணிக்கை 29.7. நாட்டின் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இது அந்த ஓராண்டின் நிலை மட்டுமல்ல. பல ஆண்டுகளாகவே புதுச்சேரி இந்தப் பட்டியலின் மேல்வரிசையில்தான் இருக்கிறது. நாடு முழுவதற்குமான காரணங்களை அதே அறிக்கையில் பார்த்தால், முதலிடத்தில் இருப்பது குடும்பப் பிரச்சினை (31.7 சதவீதம்). அடுத்தது நோய் (18.4 சதவீதம்).

இவை எல்லா மதத்தாரையும் சேர்த்த கணக்கு. நம் மார்க்கம் இதைக் கடுமையாகத் தடுத்திருப்பதால் நம் வீடுகளில் இந்த ஆபத்து இல்லை என்று நாம் எண்ணிவிடக் கூடாது. மனவேதனைக்கு மதம் தெரியாது. ஆகவே, குடும்பத்துக்குள் மனக்கசப்பை எப்படிப் பேசித் தீர்ப்பது, கோபத்தையும் ஏமாற்றத்தையும் எப்படித் தாங்குவது என்பதைப் பிள்ளைகளும் பெரியவர்களும் படித்தே ஆகவேண்டும். அந்தப் படிப்புக்குக் கல்வியாளர்கள் வைத்திருக்கும் பெயர்தான் சமூக-உணர்வுக் கல்வி.

சமூக-உணர்வுக் கல்வி என்றால் என்ன?

1960களின் இறுதியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் படித்த இரண்டு பள்ளிகளில் ஜேம்ஸ் கோமர் என்ற மனநல மருத்துவர் ஒரு முயற்சியைத் தொடங்கினார். படிப்பிலும் நடத்தையிலும் மிகவும் பின்தங்கியிருந்த பள்ளிகள் அவை. ஆசிரியர், பெற்றோர், பள்ளி நிர்வாகம், மனநலப் பணியாளர் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து, பிள்ளைகளின் மனத்தேவையைப் பள்ளியின் பொறுப்பாக அவர் ஆக்கினார். பின்னாளில் இந்தத் துறை வளர்வதற்கு அது ஒரு முன்மாதிரியாக அமைந்தது. 'சமூக-உணர்வுக் கல்வி' என்ற பெயர் 1994இல் வழக்கத்துக்கு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் உலக சுகாதார நிறுவனமும் பள்ளிப் பிள்ளைகளுக்கான பத்து 'வாழ்க்கைத் திறன்'களை வகுத்து வெளியிட்டது.

இந்தியாவில் டெல்லி அரசு 2018இல் தன் பள்ளிகளில் மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' என்று ஒரு பாடவேளையையே ஒதுக்கியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் பிள்ளைகளின் சமூக, உணர்வு வளர்ச்சியைக் கல்வியின் நோக்கங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

இந்தக் கல்வி ஐந்து திறன்களைப் பற்றியது.

முதலாவது, தன்னை அறிதல். இப்போது என் மனதில் இருப்பது கோபமா, அவமானமா, பயமா என்று பிரித்துத் தெரிந்துகொள்வது.

இரண்டாவது, தன்னை ஆளுதல். கோபம் வந்த அந்த நொடியில் கையையும் வாயையும் கட்டுப்படுத்துவது. தேர்வுக்கு முந்தைய இரவில் பதற்றத்தைச் சமாளிப்பதும் இதில் அடங்கும்.

மூன்றாவது, பிறரை உணர்தல். எதிரில் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று யோசிப்பது.

நான்காவது, உறவைப் பேணுதல். சண்டை வந்தால் பேசித் தீர்ப்பது, உதவி கேட்பது, வேண்டாம் என்று சொல்லவேண்டிய இடத்தில் சொல்வது.

ஐந்தாவது, பொறுப்போடு முடிவெடுத்தல். நண்பர்கள் பைக்கில் மூன்று பேராகப் போகலாம் என்று கூப்பிடும்போது விளைவை யோசித்துப் பார்ப்பது.

'இதற்கெல்லாம் ஒரு பாடமா, வளர வளரத் தானாக வந்துவிடாதா?' என்று சிலர் கேட்கலாம். பேச்சு பிள்ளைக்கு வருவது வீட்டில் பேச்சைக் கேட்பதால். இந்தத் திறன்களும் வீட்டில் பார்த்துப் பார்த்தே வருகின்றன. வீட்டில் கோபம் என்றால் கத்தலும் கதவை அறைவதும்தான் என்று பார்த்து வளரும் பிள்ளைக்குத் தானாக வருவதும் அதுதான்.

இதனால் என்ன பலன்?

பலனை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2011இல் ஜோசப் டர்லாக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 213 பள்ளித் திட்டங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தனர். மொத்தம் 2,70,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். இந்தப் பயிற்சி பெற்ற பிள்ளைகளிடம் சண்டையும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. படிப்பிலும் அவர்கள் முன்னேறியிருந்தனர். நூறு பேரை மதிப்பெண்படி வரிசையாக நிறுத்தினால், நடுவில் நின்ற பிள்ளை ஏறத்தாழ 11 இடம் முன்னே வரும் அளவுக்கு அந்த முன்னேற்றம் இருந்தது. 2023இல் 53 நாடுகளின் 424 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு பெரிய ஆய்வும் இதே திசையில்தான் முடிவு சொன்னது. 'இதற்கு நேரம் போனால் படிப்பு கெட்டுவிடும்' என்ற நம் பயத்துக்கு இவற்றில் ஆதாரம் இல்லை.

நம்மை அதிகம் யோசிக்கவைக்க வேண்டியது 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வு. பத்து நாடுகள், 168 பள்ளிகள், 11,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். பெரும்பாலும் 14, 15 வயதினர். ஒரு பகுதி மாணவர்களுக்கு நான்கு வாரங்களில் மொத்தம் ஐந்து மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் பாதிக்கும் மேல் நடித்துப் பழகுவது: நண்பன் மனம் உடைந்திருந்தால் என்ன பேசுவது, வீட்டில் சண்டை என்றால் யாரிடம் போவது என்று பிள்ளைகளே நடித்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பயிற்சி பெற்றவர்களில் உயிரை மாய்க்க முயன்றவர்களின் விகிதம், பெறாதவர்களில் இருந்ததைவிடப் பாதிக்கும் குறைவு. ஐந்து மணி நேரம் என்பது நம் பிள்ளைகள் ஒரு வாரத்தில் டியூஷனில் உட்காரும் நேரத்தைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம்.

'அது ஐரோப்பா, நம் ஊருக்குச் சரிவருமா?' என்ற கேள்விக்குப் பீகாரில் பதில் இருக்கிறது. நாளந்தா மாவட்டத்தில் 70க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த 'சேஹர்' என்ற திட்டத்தின் முடிவுகள் 2018இல் வெளியாயின. பயிற்சி கொடுக்கப்பட்ட ஒரு சாதாரண ஆலோசகரைப் பள்ளிக்கு ஒருவராக அமர்த்தினார்கள். அவர் மருத்துவரோ மனநல நிபுணரோ அல்லர். சுவர்ப் பத்திரிகை, மாணவர் குழு, பேச முடியாததை எழுதிப் போட ஒரு பெட்டி என்று எளிய வேலைகள்தான். அந்தப் பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வும் அடிதடியும் சீண்டலும் குறைந்தன. அதே திட்டத்தை ஏற்கனவே வேலைப்பளுவில் இருந்த ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை.

எல்லா முயற்சியும் வெற்றி பெறுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மனக்குவிப்புப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவுகளின்படி மாணவர்களின் மனநலத்தில் முன்னேற்றம் இல்லை. ஆனால் ஆசிரியர்களின் மனக்களைப்பு ஓரளவு குறைந்திருந்தது.

இந்த ஆய்வுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது இதுதான்: பாடப்புத்தகத்தில் இன்னொரு அத்தியாயம் சேர்ப்பதால் மட்டும் பிள்ளை மாறுவதில்லை. காதுகொடுத்துக் கேட்க நேரமும் பொறுமையும் உள்ள ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பதுதான் பெரிய வித்தியாசம். அதனால் இந்தப் பாடத்தின் முதல் மாணவர்கள் நாம்தான்.

நம் ஊரின் நிலை

வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும் வாழ்க்கை கிராமத்து வாழ்க்கைதான். பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. வில்லியனூர்ப் பக்கம் ஊசுடு ஏரியைச் சுற்றிலும் ஊர்கள். ஆனால் வேலை மாறிவிட்டது. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் ஷிஃப்ட் வேலை, புதுச்சேரியிலோ கடலூரிலோ கடை வேலை, வளைகுடா நாடுகளில் வேலை என்று அத்தாமார்கள் பகலில் வீட்டில் இல்லை. சிலர் ஆண்டுக்கணக்கில் இல்லை. சுல்தான்பேட்டை போன்ற நம் மக்கள் கூடி வாழும் இடங்களில் ஒரு வசதி உண்டு: நன்னிமா, பெரியத்தா, பக்கத்து வீட்டு மாமி என்று பிள்ளையைச் சுற்றி ஆள் இருக்கும். தனித்தனி வீடுகளாகச் சிதறியிருக்கும் சிற்றூர்களில் அதுவும் குறைவு.

பிள்ளையின் நாளைப் பாருங்கள். காலையில் பள்ளி, மாலையில் மக்தப், பிறகு டியூஷன், இரவு வீட்டுப்பாடம், மிச்ச நேரம் செல்போன். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறி, 2025இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் முதன்முறையாக அந்தத் தேர்வை எழுதினார்கள். புதிய பாடநூல், புதிய தேர்வுமுறை. வீட்டில் பெற்றோருக்கும் அது பழக்கமில்லாதது. பிள்ளையின் பயம் கூடியிருக்கும் இந்த நேரத்தில், அதைச் சொல்ல ஓர் இடம் வீட்டில் இருக்கிறதா என்று நாம் பார்க்க வேண்டும்.

மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா?

'உணர்வு, மனநலம் என்பதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு' என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. நபி (ஸல்) அவர்களின் வாழ்வை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு பறவையோடு விளையாடிக்கொண்டிருந்தார். நபியவர்கள் அந்தச் சிறுவரைப் பார்க்கும்போது அந்தப் பறவை என்ன ஆயிற்று என்று செல்லமாக விசாரிப்பார்கள். ஒரு சமுதாயத்தின் தலைவருக்கு ஒரு குழந்தையின் பறவை முக்கியமாக இருந்தது. தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்ன அக்ரஉ பின் ஹாபிஸ் அவர்களிடம், இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்று வழிகாட்டினார்கள். உடலின் நிலையை மாற்றிக் கோபத்தைத் தணிக்கும் செயல்முறை இது. தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது மற்றவர் முன் கண்ணீர் விட்டார்கள்.

'ஆம்பளப் புள்ள அழக் கூடாது' என்று நாம் சொல்வது எங்கிருந்து வந்த பழக்கம் என்று யோசிக்க வேண்டும்.

'சபூரா இரு' என்ற சொல்லையும் நாம் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். யஃகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டு. அதே யஃகூப் (அலை) அவர்கள்தான் மகன் யூசுபை நினைத்து அழுது பார்வை மங்கினார்கள், தம் துக்கத்தை அல்லாஹ்விடம் வாய்விட்டு முறையிட்டார்கள். பொறுமை என்றால் வலியை மறைப்பது என்று பொருள் இல்லை. பிள்ளை ஒரு வேதனையைச் சொல்ல வாயெடுக்கும்போதே 'சபூர் செய்' என்று முடித்துவிட்டால், அடுத்த முறை அவன் சொல்லவே வரமாட்டான்.

வீட்டில் தொடங்குவது எப்படி?

முதலில் சொற்கள். தமிழில் மனநிலைக்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை: கோபம், எரிச்சல், ஏமாற்றம், ஏக்கம், தவிப்பு, கூச்சம், அவமானம், பொறாமை, ஆதங்கம், மனத்தாங்கல். ஆனால் வீட்டில் நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் இரண்டே சொற்கள்: 'கோபமா இருக்கான்', 'மூட் அவுட்'. மனதில் இருப்பதற்குச் சரியான பெயர் சொல்லும்போதே மூளையில் பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் பகுதியின் வேகம் குறைவதை 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூளைப் படங்களின் மூலம் காட்டினார்கள். 'தங்கச்சிக்கு மட்டும் புது டிரஸ் வாங்கினது உனக்குப் பொறாமையா இருக்கா, இல்ல உன்னை மறந்துட்டோம்னு ஏக்கமா?' என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு.

மூன்று முதல் ஆறு வயது வரை. இந்த வயதில் பிள்ளையால் தன் அழுகையைத் தானே நிறுத்த முடியாது. நம் அமைதியிலிருந்துதான் அது அமைதியைக் கற்கிறது. தரையில் புரண்டு அழும்போது கத்தாமல் பக்கத்தில் உட்காருங்கள். கேட்டதை வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. 'பொம்மை கிடைக்கலன்னு ஏமாற்றமா இருக்கு, இல்லையா கண்ணு' என்று பெயர் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அழுகையை நிறுத்த உடனே செல்போனைக் கையில் கொடுப்பது அந்த நேரத்துக்கு வேலை செய்யும். ஆனால் மனதைத் தணிக்கும் வழியைப் பிள்ளை கற்காமல் போய்விடும்.

ஏழு முதல் பதினொன்று வரை. பள்ளியில் நடந்ததைக் கேட்கும்போது 'டெஸ்ட்ல எத்தனை?' என்பது முதல் கேள்வியாக வேண்டாம். 'இன்னைக்கு யார்கூட உட்கார்ந்து சாப்பிட்ட?', 'எது கஷ்டமா இருந்துச்சு?' என்று கேட்கலாம். கூடப் படிக்கும் பிள்ளையோடு சண்டை என்றால் உடனே தீர்ப்புச் சொல்லாமல், அந்தப் பிள்ளை இடத்தில் நின்று நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். பிறரை உணர்தல் என்பது இப்படித்தான் பழகும்.

பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை. இந்த வயதில் நேருக்கு நேர் உட்காரவைத்து விசாரித்தால் பிள்ளை வாய் திறக்காது. பைக்கில் பின்னால் உட்காரும்போது, சமையலில் கூட வேலை செய்யும்போது, தொழுகைக்குச் சேர்ந்து நடக்கும்போது தானாகப் பேசும். அப்போது அறிவுரையை அடக்கிக்கொள்ளுங்கள். 'நான் சும்மா கேக்கணுமா, இல்ல யோசனை சொல்லணுமா?' என்று கேட்டுவிட்டுக் கேளுங்கள். பெண் பிள்ளை வழியில் யாரோ தொந்தரவு செய்ததாகச் சொன்னால், 'நாளையிலிருந்து ஸ்கூல் வேணாம்' என்பது நம் முதல் பதிலாக இருந்தால், அதன்பிறகு அவள் எதையும் சொல்ல மாட்டாள். சொன்னதற்குத் தண்டனை கிடைக்காது என்ற நம்பிக்கைதான் அவளுக்குப் பாதுகாப்பு.

வெளிநாட்டில் இருக்கும் அத்தாமார்களுக்கு. வீடியோ காலில் பெரும்பாலும் மார்க், ஃபீஸ், 'அம்மா பேச்சக் கேளு' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள். அதில் உங்கள் நாளைப் பற்றியும் சொல்லுங்கள். 'இன்னைக்கு வேலையில திட்டு வாங்கினேன், மனசு கஷ்டமா இருந்துச்சு. அஸர் தொழுதுட்டு கூட்டாளிகிட்ட பேசினேன், சரியாச்சு' என்று அத்தா சொல்வதைக் கேட்கும் மகன், ஆணும் மனவேதனையைச் சொல்லலாம், சொன்னால் தணியும் என்று கற்றுக்கொள்கிறான்.

கணவன் மனைவிக்கு. பிள்ளைகள் முன் சண்டையே வரக் கூடாது என்பது பல வீடுகளில் நடக்காத காரியம். அவர்கள் முன் சண்டை போட்டால், சமாதானத்தையும் அவர்கள் முன்னேயே செய்யுங்கள். பெரும்பாலும் சண்டை கூடத்தில் நடக்கிறது, சமாதானம் அறைக்குள் நடக்கிறது. பிள்ளை முதல் பாதியை மட்டுமே பார்க்கிறது. 'நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது' என்று பெரியவர் ஒருவர் சொல்வதைக் கேட்பது, மன்னிப்பைப் பற்றிய எந்தப் பாடத்தையும்விட ஆழமாகப் பதியும்.

இதில் பெரியவர்களுக்கும் நேரடியான பலன் உண்டு. வேலையில் இருக்கும் எரிச்சலை வீட்டில் இறக்காமல் இருக்கப் பழகினால் உறவு காப்பாற்றப்படுகிறது. மாமியார் மருமகள் மனத்தாங்கலைப் பெயர் சொல்லிப் பேச முடிந்தால், அது ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டிருக்காது. மேலே பார்த்த 'குடும்பப் பிரச்சினை' என்ற முதல் காரணத்தின் வேர் பெரும்பாலும் இந்தப் பேசாத பேச்சுகளில்தான் இருக்கிறது.

பள்ளியும் மக்தபும் ஜமாஅத்தும்

பள்ளியில் மாணவரை உடலாலோ மனதாலோ தண்டிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. எல்லார் முன்னும் அவமானப்படுத்துவதும் இதில் அடங்கும் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பெற்றோர் கூட்டங்களில் மதிப்பெண் பட்டியலோடு, பள்ளிக்கு ஆலோசகர் வருகிறாரா, எந்த நாள் வருகிறார் என்றும் கேட்போம்.

மக்தபிலும் இதே அளவுகோல் இருக்க வேண்டும். பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், நபியவர்கள் தம்மை ஒருமுறைகூடச் 'சீ' என்று கடிந்துகொண்டதில்லை என்று சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அந்த நபியின் மார்க்கத்தைக் கற்கும் இடத்தில் பிரம்புக்கு என்ன வேலை? ஓதவரும் பிள்ளைகளிடம் முதல் ஐந்து நிமிடம், ஒவ்வொருவரும் இன்று எப்படி இருக்கிறார்கள் என்று உஸ்தாத் கேட்கலாம். நாளந்தா பள்ளிகளில் வைத்ததுபோல ஒரு பெட்டியை வைத்து, சொல்ல முடியாததை எழுதிப் போடச் சொல்லலாம். செலவு ஒன்றுமில்லை. ஆனால் அதில் எழுதியதை வைத்து யாரையும் கேலி செய்வதோ, ஊரில் பரப்புவதோ கூடாது என்ற உறுதி வேண்டும்.

ஜமாஅத்துகள் ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பெண்ணுக்குப் பரிசு கொடுக்கின்றன. நல்ல காரியம். தேர்வு முடிவு வரும் நாளில், தோற்ற பிள்ளைகளின் வீட்டுக்கும் பெரியவர் இருவர் போய் உட்கார்ந்து, மறுதேர்வு பற்றிப் பேசிவிட்டு வந்தால் அது இன்னும் பெரிய காரியமாக இருக்கும். குத்பாவில் ஆண்டில் சில வாரங்கள் கோபம், மன்னிப்பு, மனச்சோர்வு பற்றிப் பேசலாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

சமூக-உணர்வுக் கல்வி நோய்க்கு மருந்து அல்ல. பிள்ளையோ பெரியவரோ இரண்டு வாரத்துக்கும் மேல் தூக்கமில்லாமல், சாப்பிடாமல், பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டால், 'நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி' என்பதுபோலப் பேசினால் தாமதிக்கக் கூடாது. 'வாழவே வேணாம்னு தோணுதா?' என்று நேரடியாகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். கேட்டால் பாரம் இறங்கும் என்றே மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

'ஆமாம்' என்று பதில் வந்தால், அது ஹராம் என்று உபதேசம் செய்வது அந்த நேரத்து வேலை இல்லை. அது ஹராம் என்பது அவருக்கும் தெரியும். அந்தக் குற்ற உணர்வு சேர்ந்துதான் வாயை அடைத்திருக்கும். தனியே விடாமல் கூடவே இருங்கள், ஆபத்தான பொருள்களை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வில்லியனூர்ப் பக்கம் அரியூரிலும், பாகூர்ப் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டனைக்குப் பதில் சிகிச்சை தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. போலீஸுக்குப் பயந்தோ, கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று நினைத்தோ மறைக்க வேண்டாம். மந்திரம், தாயத்து என்று அலைந்து காலம் கடத்தவும் வேண்டாம். நோய்க்கு மருந்து தேடுவது நம் மார்க்கம் காட்டிய வழி.

இன்று இரவே தொடங்கலாம்

இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் செல்போனை ஓரிடத்தில் வைத்துவிட்டு, இன்று எது சந்தோஷமாக இருந்தது, எது கஷ்டமாக இருந்தது என்று ஆளுக்கு ஒன்று சொல்லலாம். முதலில் அத்தாவும் அம்மாவும் சொல்லட்டும். முதல் வாரம் பிள்ளைகள் சிரிப்பார்கள், 'ஒண்ணுமில்ல' என்பார்கள். விடாமல் தொடருங்கள். ஒரு நாள் அவர்களுக்கு உண்மையிலேயே பெரிய கஷ்டம் வரும்போது, அதைச் சொல்ல எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும், இன்ஷா அல்லாஹ்.